காப்பு கட்டிய கையும் ரத்தம் கொடுத்த கையும்

பூதலூர் அருகே,
வைகாசித் திருவிழா முடிந்த மறுநாள்.

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கையோடு சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் காதர் மைதீன் வாய்வழியாக உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மரியாதை. ஊரில் எனக்குப் புதுப் பெயர் விழுந்துவிட்டது. ‘போனியா மாமா’ என்கிறார்கள்.

காரணம் நீதான். சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிற அன்று, பெட்டியைப் பூட்டிக்கொண்டே நீ இட்ட கட்டளைகளில் முதலாவது, உன் தம்பி தமிழரசனிடம் காலையில் வெளிக்குப் போனானா என்று நான் தினமும் கேட்க வேண்டும் என்பது. குளோசபின் மாத்திரை குடலைத் தூங்க வைத்துவிடும், மலச்சிக்கல்தானே என்று சிரித்துக்கொண்டு இருந்தால் உயிருக்கே வினையாகிவிடும் என்று டாக்டரம்மா மோகனப்பிரியா சொன்னபோது நானும்தான் கூட இருந்தேன். ஆகவே ஒழுங்காகக் கேட்டு வந்தேன். ஒருநாள் மறந்துவிட்டேன். அன்று நம் வயலில் நடவு. போர் தண்ணீரை நம்பி முன்பட்டக் குறுவை. இந்த வரப்பில் நான், அந்த வரப்பில் அவன், நடுவில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று ஞாபகம் வந்தது. என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். “தமிழு, காலையில போனியாடா?” என்று கத்திவிட்டேன். குனிந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். உன் தம்பி கொஞ்சமும் கூச்சப்படாமல், “போயிட்டேன் அத்தான். நீங்க போனீங்களா?” என்று திருப்பிக் கத்தினான். அதற்குப் பிறகு வெகுநேரம் நாற்று முடி கையிலேயே இருந்தது, ஒருத்தியும் நடவில்லை.

போகட்டும். இங்கே நான், உன் தம்பி, மாடு கன்று எல்லாரும் நலம். அங்கே நீயும், பெற்றெழுந்த நம் மகள் குந்தவையும், நான் இன்னும் போனில் மட்டுமே பார்த்திருக்கிற பேத்தியும், மாப்பிள்ளையும், சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். சம்பந்தியம்மா எந்நேரமும் உன் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தமிழரசனின் மனநோய் அவர்கள் காதுக்குப் போகக்கூடாது என்பது உன் ஏற்பாடு. அதற்காக நாம் ஒரு ரகசிய பாஷை வைத்துக்கொண்டோம். மோட்டார் ஓடுகிறது என்றால் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான் என்று அர்த்தம். நெல் நல்ல வெளுப்பு என்றால், ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறையாமல் இருக்கின்றன என்று அர்த்தம். வாய்க்காலில் அடைப்பு என்றால் என்ன என்று எழுத வேண்டியதில்லை. திருப்பனந்தாளில் பிறந்து வளர்ந்த பெண்மணியின் காதுபட இந்தத் தண்ணீர்க் கதையைப் பேசினோமே, நம் புத்தியை என்னவென்று சொல்வது? போன வாரம் நீ குளிக்கப் போயிருந்தபோது அவர்களே போனை எடுத்து, மேட்டூரே இன்னும் திறக்கவில்லையே அண்ணே, உங்கள் வாய்க்காலில் மட்டும் தினமும் எப்படி அடைக்கிறது என்று கேட்டார்கள். நான் இருமினேன். வேறென்ன செய்ய முடியும்?

நேற்று நீ போனில் எதையும் கேட்கவில்லை. டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் கேட்டாய். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது, யாரோ உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். தமிழரசன் காப்பு கட்டிய கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று. அனுப்பியது யார் என்றும் எனக்குத் தெரியும். கோயில் நிர்வாகி ராஜசேகரின் வீட்டில் ஒருவருக்குத்தான் சமையல் முடிவதற்குள் சேதி சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும். எனவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு டிக்கெட்டைப் பற்றி யோசி.

திருவிழாவுக்குக் காப்பு கட்டும் நாள் அறிவித்தவுடன் உன் தம்பி என்னிடம் வந்து, இந்த வருஷம் நான் பால்குடம் எடுக்கிறேன் அத்தான் என்றான்.  நம் ஊர் அவனை எப்படி வைத்திருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? முன்பெல்லாம் அவன் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். வீட்டில் இருக்க முடியாமல் பூதலூர் ரயில் நிலையத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அங்கே மைக்கில் பேசுகிற அம்மா ஒருவர்தான் என்னைத் திட்டாமல் பேசுகிறார் என்றான். வேறு இரண்டு மருந்துகள் கொடுத்துப் பார்த்தும் ஓயாமல் அவன் காதுக்குள் திட்டிக்கொண்டிருந்த குரல்கள், இந்த மாத்திரைக்குத்தான் அடங்கின. முதலில் வாராவாரம், இப்போது மாதாமாதம், அதே நிலையத்தில் ரயில் ஏறி, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கத் தஞ்சாவூர் போய் வருகிறான். அப்படிப்பட்டவன் பால்குடம் எடுக்கிறேன் என்கிறான். ராஜசேகர் கொஞ்சம் இழுத்தார். பூசாரி உலகநாதன் கேட்கவே இல்லை, மஞ்சள் கயிற்றை எடுத்து வலது மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

காப்பு கட்டினால் கட்டுப்பாடு உனக்குத் தெரிந்ததுதான். கவிச்சி கிடையாது. பீடி கிடையாது. காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது. நீயும் நானும் டாக்டரம்மாவும் சொல்லி விடாத பீடியை உன் தம்பி அன்று காலையோடு விட்டுவிட்டான். கட்டுக் கட்டாக ஊதியவன். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை. டீக்கடையில் சொன்னேன், உரக் கடையில் சொன்னேன், காதர் மைதீன் வீட்டு வாசலில் நின்று அவர் மூன்றாம் முறை ஆமாம் சொல்லும் வரை சொன்னேன். என்னுடைய கண்காணிப்புதான் காரணம் என்கிற மாதிரியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

இதில்தான் கோட்டை விட்டேன் ஞானம். பீடியைக் கூட்டினாலும் குறைத்தாலும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எந்த டாக்டர்தான் பீடியைப் பற்றிப் பேசவில்லை? எல்லா டாக்டரும் ஓதுகிற மந்திரம் என்று நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். காய்ச்சல் வந்தால், தொண்டை வலித்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள், அதைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் தின்று இருமியவனைக்கூட ஒருமுறை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் தானாக ஆரம்பிக்கக்கூடாது என்றார்கள், அதையும் பிடித்துக்கொண்டேன். பீடியை மட்டும் விட்டுவிட்டேன்.

காப்பு கட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். உன் தம்பி விடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவன் நிற்கும்போது சுவரைப் பிடித்தான். பேச்சு குழறியது. வாயோரம் எப்போதும் கொஞ்சம் எச்சில் வழியும், அன்று தலையணை முழுக்க நனைந்திருந்தது. போனியா என்று கேட்டேன். மூன்று நாளாக இல்லை என்றான். தினமும் கேட்டேனே, போனேன் என்றுதானே சொன்னாய் என்றேன். நடவுப் பெண்கள் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லையாம். வயலில் நான் கத்தியதன் பலன் இது.  ஆனாலும் உன் புருஷன் நிதானம் தவறவில்லை. கொல்லைப்புறம் போய், ஆஸ்பத்திரி நர்ஸ் நுஸைபா சிஸ்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெண் பதறவில்லை, ஏன் எதற்கு என்று இழுக்கவும் இல்லை. உடனே கூட்டிட்டு வாங்க என்றாள். உள்ளே வந்து பார்க்கிறேன், உன் தம்பி சட்டை போட்டு, ரத்த ரிப்போர்ட் பையைக் கக்கத்தில் வைத்து உட்கார்ந்திருக்கிறான். என் குரலில் இருந்த அவசரம் அவனை அப்படி எழுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோ எல்லை மதகுக்கு வந்தபோது ராஜசேகர் அங்கே நின்றிருந்தார். கூட நாலு பேர். காப்பு கட்டியவன் எங்கே போகிறான் என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். படுக்க வைத்துவிட்டால் இரவு தங்க வேண்டி வரும், ஊருக்கு ஆகாது, போவதானால் காப்பை அவிழ்த்து இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். ஊரில் ஏதாவது நடந்தால் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் அவிழ்த்தால் அவன் இன்னொரு வருஷம் கேட்பானா? அவன் கேட்டாலும் இவர்கள் கட்டுவார்களா? எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு, ஞானம்.

உன் தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து ராஜசேகரை எட்டிப் பார்த்தான். நாக்கு தடித்திருந்தது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “போகாதே போகாதேன்னு எனக்கு எத்தனையோ குரல் சொல்லியிருக்கு மாமா. அதைக் கேட்டிருந்தா நான் இப்ப இருக்க மாட்டேன். நீங்க சொல்றதையும் அதோட ஒண்ணா வச்சுக்கிறேன். வண்டிய எடுங்க.”

ஆட்டோக்காரன் எடுத்துவிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் புழுதி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, பீடி எத்தனை என்பது. விட்டுட்டான் டாக்டர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பாராட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு விளக்கினார்கள். பீடிப் புகை இந்த மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரமாகக் கழித்துவிடுமாம். அதற்கும் சேர்த்துத்தான் மாத்திரையின் அளவு வைத்திருந்தார்கள். புகை நின்றால் அதே மாத்திரை உள்ளேயே தேங்கி ஏறும். மயக்கம், தலைசுற்றல், எச்சில், மலச்சிக்கல், இன்னும் ஏறினால் வலிப்பு வரைக்கும் போகும். எனக்கு நம் பாஷையில் புரிந்தது: வடிகாலை மூடிவிட்டு மடையைப் பழையபடி திறந்து வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு கூத்து. டாக்டரம்மா அவனைப் படுக்க வைத்து நெஞ்சு, இதயத்துடிப்பு, வயிறு, படுத்தபோதும் நின்றபோதும் ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உன் புருஷன் மூளை வேலை செய்தது. பீடியை விட்டதால்தானே வந்தது? வெளியே ஓடிப்போய் ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் வாங்கி வந்து, கட்டிலோரம் நின்று உன் தம்பியிடம் நீட்டினேன். அம்மனுக்குக் காப்பு கட்டியவனிடம். ஆஸ்பத்திரி வார்டில். நுஸைபா சிஸ்டர் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா வந்தார்கள். “ஐயா, அவர் செஞ்சது நல்ல காரியம். கெடுத்துறாதீங்க. குறைக்க வேண்டியது மாத்திரையை. அதையும் நான்தான் குறைக்கணும், நீங்க இல்ல.” பீடிக் கட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பயப்படாதே, நேற்றைய திருவிழாத் தண்ணீரில் நனைந்துவிட்டது.

மருந்தளவு பார்க்க ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை காத்திருக்காமல் மாத்திரையைக் குறைத்தார்கள், வயிற்றுக்கும் மருந்து கொடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்க வந்த நுஸைபா வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.  சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இடது கையில் எடுத்தாள். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படித்தான். ஊசியோ ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையோ எதுவும் வலது கைக்கு வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது டாக்டரம்மா, பீடி திரும்ப ஆரம்பித்தாலும் அதே மாதிரி சொல்லியாக வேண்டும், மறைத்தால் மருந்து போதாமல் குரல்கள் திரும்பிவிடும் என்றார்கள். இந்த முறை காதை மூடாமல் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்பினோம். ராஜசேகர் கோயிலில் கூட்டம் போட்டிருந்தார். இங்கேதான் உன் புருஷனின் திறமை. நான் எதுவும் வாதாடவில்லை. போன வருஷத் திருவிழாவில் காப்பு கட்டிக்கொண்டே ஒருவர் பேத்திக்குக் கல்லூரி இடம் வாங்கத் திருச்சியில் தங்கிவிட்டு வந்தார், அப்போது எல்லை மதகு வேறு இடத்தில் இருந்ததா என்று பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகக் கேட்டேன். என் மெதுவான குரல் எப்படிப்பட்டது என்பதும் உனக்குத் தெரியும். ராஜசேகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பூசாரி உலகநாதன் உன் தம்பியின் கையைப் பிடித்துக் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்டுன முடிச்சு கட்டுனபடியே இருக்கு. குடத்தத் தூக்கு.” அவ்வளவுதான்.

நேற்று பார்த்திருக்க வேண்டும் நீ. மஞ்சள் வேட்டி, தலையில் குடம், தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. எச்சில் வழிந்தபோதெல்லாம் துண்டால் துடைத்துக்கொண்டான். முன்பெல்லாம் அதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆள் இல்லாத பக்கமாக நடப்பவன், நேற்று தெரு நடுவில், ஊர் பார்க்க நடந்தான். பிள்ளைகளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நம் நடவுப் பெண்கள் அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, போனியா மாமா, நீங்க குடம் எடுக்கலையா என்றார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பெயரையும் சேர்த்து நேற்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதனால் டிக்கெட் போடாதே. குந்தவைக்கு உடம்பு தேறும் வரை இருந்து, நினைத்தபடி முடித்துவிட்டு வா. இங்கே ஆள் இருக்கிறேன்.

இன்னொன்று. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ போனில் குழந்தையைக் காட்டும்போது எனக்குக் காட்டுகிறாய், மாட்டுக்குக்கூடக் காட்டச் சொல்லிச் சிரித்தாய். உன் தம்பி பக்கத்தில் வந்தால் மட்டும் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. அவனுக்கு அது தெரிகிறது. அதனால்தான் நீ கூப்பிடும் நேரத்தில் அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறான். குந்தவைக்கு உடன்பிறந்தவன் இல்லை. நம் பேத்திக்குக் காது குத்தும்போது உட்கார வைக்க மடி வேண்டும் என்றால், அது அவன் மடிதான். சம்பந்தியம்மாவிடம் நீயே சொல்லிவிடு. மேட்டூர் திறக்கும் தேதி தெரிந்த பெண்மணிக்கு இது புரியாமல் போகாது. சொன்ன பிறகு, ஒருநாள் போனை அவன் பக்கம் திருப்பு. அவன் துண்டு வைத்திருப்பான்.

நீயும் குந்தவையும் பேத்தியும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். எல்லாரும் ஒருநாள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அம்மன் அதற்கு வழி செய்வாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
தங்கையன்

பின்குறிப்பு: காதர் மைதீன் வாசலில் நிற்கிறார், சீக்கிரம் முடிக்கிறேன். குறைத்த மாத்திரையின் விவரம் கேட்க இப்போதுதான் நுஸைபா சிஸ்டரிடம் பேசினேன். அன்று நான் போன் செய்வதற்கு முன்பே உன் தம்பி படுக்கையில் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டு, பீடியை விட்டுவிட்டேன், தலை சுற்றுகிறது, வரட்டுமா என்று கேட்டானாம். வரச் சொன்னாளாம். அத்தானும் போன் செய்வார், அவர் சொல்லித்தான் தெரிந்த மாதிரி இருங்கள் சிஸ்டர், அவரை நம்பித்தான் அக்கா என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றும் சொல்லி வைத்தானாம்.